நீங்கள் படிக்காமல் அழித்த இரண்டாவது வரி

வாத்தியாரய்யா,

உங்கள் பிரம்பு இப்போது என் வீட்டில் இருக்கிறது. அடுப்பு மூலையில் விறகோடு விறகாகச் சாத்தி வைத்திருக்கிறேன். கருமாதி முடிந்து நீங்கள் இருந்த வீட்டைக் காலி செய்யும்போது உங்கள் மகன் கணேசன், இருந்ததையெல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனத்துக்குப் பங்கு வைத்துக் கொடுத்தார். மூக்காயிக்குச் செம்பு. கோயில் பூசாரிக்கு நாற்காலி. என் முறை வந்தபோது தயங்கினார். "அக்கா, இது ஒண்ணுதான் மிச்சம். வேணாம்னா தூக்கிப் போட்டுருங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்ட பொருள் அது. எரிப்பதற்காக ஆசைப்பட்டேன்.

வீட்டுக்குள் கொண்டுவந்ததும் வாசம் கிளம்பியது. நல்லெண்ணெய் வாசம். வெள்ளிக்கிழமையானால் நாங்கள் பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய் வைப்போம். நீங்கள் பிரம்புக்கு வைப்பீர்கள். துணியில் எண்ணெயை நனைத்து, நுனியிலிருந்து பிடிவரை நீவி, பள்ளிக்கூட ஜன்னலில் வெயில் படும்படி வைப்பீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும்.

செத்துப்போனவருக்கு எழுதும்போது கோபத்தைக் கழித்துவிட்டு எழுத வேண்டும் என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் நல்லவர். நான் கணக்குப் பார்க்கிறவள். அரிசி, மாவு, மண்ணெண்ணெய் எதுவானாலும் வந்ததும் போனதும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். உங்கள் கணக்கை மட்டும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே மறக்காமல் இருந்தேன். இன்றைக்கு நேர் செய்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு டிக்கோயாவுக்கு மேலே எங்கள் மலை முழுக்கப் பனி மூடியிருந்தது. விறகுக் கட்டோடு இறங்கி வருகிறேன். பள்ளிக்கூட வாசலில், கல் கொட்டிய இடத்தில், ஒரு பிள்ளை முட்டி போட்டு நிற்கிறது. தலையில் சிலேட்டு. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, அது என் மகள் பாக்கியம். இரண்டாம் வகுப்பு. சிலேட்டு விழாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை.

"என்னங்கய்யா, புள்ள என்ன செஞ்சிச்சு?" என்று கேட்டேன்.

நீங்கள் வாசற்படியில் நின்று, அவள் தலையிலிருந்து சிலேட்டை எடுத்துக் காட்டினீர்கள். "நான் மயிலைச் சொன்னேன். உன் மக ஆட்டை எழுதியிருக்கா."

"ஆடு நேத்துச் செத்துப்போச்சுங்கய்யா. அந்த நெனப்புல..."

"ஆட்டுக்குக் கருமாதி கும்பிடவா நான் பள்ளிக்கூடம் நடத்துறேன்? சொன்னதை மட்டும் எழுதணும். லயத்துப் புள்ளைக்கு அதுக்கு மேல என்ன வேண்டிக்கிடக்கு?"

எனக்குப் படிக்கத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. சிலேட்டில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி, "எங்க ஆடு செத்துப்போச்சு." இரண்டாவது வரிக்கு என் கண் இறங்குவதற்குள் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துவிட்டீர்கள். நீங்களும் அந்த இரண்டாவது வரியைப் படிக்கவில்லை. உங்கள் கண் என் மேல் இருந்தது.

அந்த ஆடு எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. அதன் குட்டிகளில் ஒன்றைத்தான் முந்தின சரஸ்வதி பூசைக்கு வாத்தியார் வீட்டுக் காணிக்கை என்று உங்களுக்குக் கொடுத்திருந்தோம். பாக்கியமே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் கையில் கொடுத்தாள். அதுகூட அந்த நேரம் உங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு பாக்கியம் எழுதுவதை விட்டாள். பள்ளிக்கூடம் போவாள், வருவாள். சிலேட்டுக் குச்சியைக் கையில் கொடுத்தால் கையை மூடிக்கொள்வாள். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்துவிடுவார்கள். பேர் பதிந்த பிள்ளைக்கு எழுத்து எதற்கு? தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு மாரியம்மன் முன்னால் நின்று, சிலேட்டை அழித்த கை விளங்கக் கூடாது என்று கேட்டேன். வெட்கப்படவில்லை. இன்றும் வெட்கமில்லை.

வேண்டிவிட்டுச் சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை. பள்ளிக்கூடத்தை உங்கள் கையிலிருந்து பிடுங்க முடியாது. பிள்ளைகளைப் பிடுங்கலாம் அல்லவா?

நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். எனக்கு எழுத்து வந்தது கோயில் பாட்டுப் புத்தகத்தில். பாட்டு எல்லாம் மனப்பாடம். பாடிக்கொண்டே வருவேன், "ஆத்தா" என்று வாய் சொல்லுகிற இடத்தில் புத்தகத்தில் என்ன கோடு இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் பூசாரியைக் கேட்பேன். வாய்க்குத் தெரிந்ததைக் கண்ணுக்குக் காட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதையே பிள்ளைகளுக்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, தாய்மார் மலையிலிருந்து இறங்கும்வரை பிள்ளைகள் கோயில் வாசலில்தான் புரண்டுகொண்டு கிடக்கும். பூசாரியிடம் கேட்டேன். "பாட்டுத்தானே, படி" என்றார்.

பாட்டில் தொடங்கினேன். அதற்கு அடுத்ததாக, பிள்ளைகள் என்ன விளையாடுகின்றன என்று பார்த்தேன். பெரட்டு விளையாடின. விடிகாலையில் தப்பு அடித்ததும் நாங்கள் வரிசையில் நின்று பேர் கொடுப்போமே, அதே விளையாட்டு. ஒருவன் கணக்கப்பிள்ளை, மற்றதெல்லாம் ஆட்கள். பிந்தி வந்தவனை "வீட்டுக்குப் போ!" என்று விரட்ட வேண்டும். தேயிலைப் பெட்டி அட்டையை வெட்டி, கரித்துண்டால் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் எழுதி, கணக்கப்பிள்ளையாக நின்ற பிள்ளையிடம் கொடுத்தேன். "வாயால கூப்பிடக் கூடாது. அட்டையைத் தூக்கிக் காட்டணும். பேருக்குரிய ஆள் ஓடி வரணும்" என்றேன். முதல் நாள் ஒரே குழப்பம். ஒருத்தி பேருக்கு இன்னொருத்தி ஓடினாள், சண்டை, அழுகை. ஆனால் தன் பேரைத் தவறவிட்டு விரட்டு வாங்க எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்? சீக்கிரமே தன் பேரும் தெரிந்தது, அடுத்தவன் பேரும் தெரிந்தது.

மூக்காயி கூடையோடு அந்த வழியே போகும்போது நின்று சிரித்தாள். "என்னடி, பெரட்டுக் கலைக்கிற தொரைசாணியம்மா! அரை நாள் சம்பளத்துக்கு எனக்கும் ஒரு அரைப்பேராச்சும் போடு!"

"ஒன் பேரை வந்து எடு, போடுறேன்" என்றேன்.

"எனக்கு எது மூக்கு எது காதுன்னே தெரியாது" என்று சொல்லிப் போனாள். மறுநாள் நின்று, எந்த அட்டை தன் மகள் சின்னப்பொண்ணுடையது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

இப்படி ஒவ்வொன்றாக வந்தது. சுளகில் சலித்த சாம்பலைப் பரப்பினேன். சிலேட்டில் பிழை விட்டால் பிரம்பு வரும். சாம்பலில் பிழை விட்டால் ஒரு ஆட்டு ஆட்டினால் போயிற்று. ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "எங்கப்பா காலுல அட்டை கடிச்சு ரத்தம் வந்துச்சு" என்று சொன்னால் அதையே அப்படியே கரியால் எழுதி, "நீ சொன்னது இது, படி" என்பேன். தான் சொன்னது என்பதால் படித்துவிடும். தட்டுத் தடுமாறிப் படிக்கிற பிள்ளைகளைப் பெரியவர்கள் முன்னால் நிறுத்துவதில்லை. பிள்ளைக்காம்பராவுக்கு, அதுதான் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு, அனுப்புவேன். "தொட்டில் பிள்ளைக்குப் படிச்சுக் காட்டிட்டு வா" என்பேன். தொட்டில் பிள்ளை கேலி செய்யாது, பிரம்பு எடுக்காது. இரண்டு தடவை படித்தாலும் கை காலை உதைத்துச் சந்தோஷப்படும். அங்கிருந்து திரும்பும் பிள்ளையின் குரலே வேறாக இருக்கும்.

கதைப் புத்தகம் படித்துக் காட்டும்போது நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு, அடுப்பு வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். புத்தகத்தைக் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் போவேன். தலைகள் எல்லாம் அதன் மேல் கவிழ்ந்து கிடக்கும்.

இதில் எது உங்களால் முடியாதது, சொல்லுங்கள். அட்டைக்கும் கரிக்கும் சாம்பலுக்கும் தோட்டத்தில் பஞ்சமா? உங்கள் பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பாமலே அடுத்த பக்கத்தை ஒப்பித்தன. விரல் ஓரிடத்தில் இருக்கும், வாய் வேறிடத்தில் ஓடும். பரிசோதனைக்கு வந்த துரை தலையாட்டிவிட்டுப் போனார். நீங்கள் அன்று பிரம்புக்கு இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்திருப்பீர்கள்.

ஆனால் யாருக்காக இவ்வளவும் தொடங்கினேனோ அவள் மட்டும் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரட்டுக்கு வருவாள், ஓடுவாள். எழுது என்றால் கை மூடிவிடும். நான் வற்புறுத்தவில்லை.

பால்மா டப்பா ஒன்று வெறுமையாகக் கிடந்தது. மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, கோயில் தூணில் ஆணி அடித்து மாட்டினேன். "இது தபால் பெட்டி. யாரு யாருக்கு வேணும்னாலும் எழுதலாம். கடுதாசி வந்தவங்க பதில் போட்டே ஆகணும். நான் பிழை பார்க்க மாட்டேன்" என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். பிழைகளை மனதில் குறித்துக்கொண்டு, வேறொரு நாள், யாருடையது என்று சொல்லாமல் சாம்பலில் எழுதித் திருத்திக் காட்டுவேன். கடுதாசியின் மேல் கை வைக்க மாட்டேன்.

சின்னப்பொண்ணு பாக்கியத்துக்கு ஒரு கடுதாசி போட்டாள். சீனி சுற்றி வந்த தாளில் ஒரே ஒரு கேள்வி. "உன் ஆட்டு பேரு என்ன?"

பாக்கியம் அதை மடித்து வைத்துக்கொண்டாள். மறுநாளும் பதில் இல்லை. சின்னப்பொண்ணு விடுவதாக இல்லை. "பதில் போடணும்னு ஒங்கம்மா சட்டம் போட்டிருக்காங்கடி! போடுறியா, ஒன்னைப் பெரட்டுல விரட்டவா?" என்று தொல்லை செய்தாள். அடுத்த நாள் சாயந்தரம், யாரும் பார்க்காதபோது, பாக்கியம் என்னிடம் பென்சில் துண்டைக் கேட்டு வாங்கினாள். தூணுக்குப் பின்னால் போய் எழுதினாள். பெட்டியைத் திறந்தபோது நான் பார்த்தேன். "கருப்பாயி." அவ்வளவுதான். நான் சன்னிதிக்குப் போய் விழுந்தேன். உங்கள் கை விளங்கக் கூடாது என்ற வேண்டுதலை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

சேதி உங்கள் காதுக்கு வந்துவிட்டது. ஒருநாள் பிரம்போடு கோயில் வாசலுக்கு வந்தீர்கள்.

"இது என்ன, கோயிலா பள்ளிக்கூடமா?"

"கோயில்தாங்கய்யா. புள்ளைங்க சாமி பாட்டுப் படிக்குதுங்க."

"ஒன்னைய யாரு வாத்தியாராப் போட்டது?"

"யாரும் போடலைங்கய்யா. நானாத்தான் நிக்கிறேன்."

பிரம்பால் டப்பாவைத் தட்டினீர்கள். "இது என்ன கழுதை?"

சின்னப்பொண்ணு முந்திக்கொண்டாள். அவளுக்கு வாய் நீளம். "தபால் பெட்டிங்கய்யா. ஒங்களுக்கும் யாராச்சும் போட்டிருந்தா இருக்கும்."

நீங்கள் அதை ஆணியிலிருந்து பிடுங்கி, காலால் உதைத்தீர்கள். டப்பா உருண்டு தேயிலைச் செடிக்குள் போய் மறைந்தது. வழியெல்லாம், தேயிலைச் செடி மேலெல்லாம் கடுதாசிகள் சிதறின. மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் அழுதன. "சொன்னதைப் படிச்சா போதும். சொந்தக் கதை எழுதுற எடம் இது இல்லை" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனீர்கள்.

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா, ஐயா? நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த மலையில்தான் அன்றைக்குக் கொழுந்து. சாயந்தரம் மூக்காயி கூடையோடு நேரே என்னிடம் வந்தாள்.

"ஏன்டி, கொழுந்து நிறுக்கையில கூடையைக் கவுத்தா கடுதாசி விழுது! 'இது என்ன புதுசாக் கொழுந்து'ன்னு கணக்கப்பிள்ளை கேக்குறாரு. இந்தா. என்ன போட்டிருக்குன்னு படி."

படித்தேன். சின்னப்பொண்ணு பாக்கியத்துக்கு எழுதியது. "எங்கம்மா கை வெடிச்சிருக்கு. ராத்திரி ஊதிக்கிட்டே இருக்காங்க."

மூக்காயி தன் கையைப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே இந்தக் கழுதை" என்று சிரித்தாள். அப்புறம் முந்தானையை முகத்துக்குக் கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள், ஆளுக்கொரு நனைந்த தாளோடு. அதுவரை பிள்ளைகளை "எழுத்துப் படிச்சு என்ன கிழிக்கப் போறே" என்று இழுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். அன்றைக்குப் பிறகு கோயில் வாசலில் ஒரு பிள்ளை குறையவில்லை. புது டப்பாவைக் கொண்டுவந்து மாட்டியது மூக்காயியின் புருஷன். நீங்கள் உதைத்த உதையில் எனக்குக் கிடைத்த லாபம் அது. வரவு வைத்துக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.

பாக்கியத்துக்குப் பேர் பதியவில்லை. ஹட்டனுக்கு நடந்தும் பஸ்ஸிலும் போய்ப் படித்தாள். திரும்பி வந்து, நீங்கள் இருந்த அதே பள்ளிக்கூடத்தில் சிறு வகுப்புக்கு டீச்சர் ஆனாள். அதே வாசற்படி. முட்டி போட்டு நின்ற இடத்துக் கல்லை எல்லாம் முதல் வேலையாகப் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்கி ஓரமாக்கிவிட்டாள்.

அப்போது உங்களுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் கொழும்புக்குப் போய் அறுக்கச் சொன்னார்கள், நீங்கள் பயந்துகொண்டு போகாமலே இருந்துவிட்டீர்கள். நான் கையைக் கேட்டேன், ஆத்தா கண்ணை எடுத்தாள். கேட்டதும் கிடைத்ததும் ஒன்றில்லைதான். நான் குறை சொல்லவில்லை.

உங்கள் வீட்டம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கணேசனைத்தான் லயத்துப் பெண்ணைக் கட்டினான் என்று வீட்டைவிட்டு அனுப்பிவிட்டீர்களே. வலப்பனையில் ஒரு பாய் கடையில் கணக்கெழுதிக்கொண்டு, பிள்ளை குட்டியோடு இருந்தார். பஸ் ஏறினால் வந்துவிடலாம். வரவில்லை. ஒருநாள் நீங்கள் ஆள் அனுப்பினீர்கள், ஒரு கடுதாசி எழுத வேண்டும், டீச்சர் வர முடியுமா என்று. நானும் கூடவே வந்தேன். வேடிக்கை பார்க்க வந்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

காலடிச் சத்தம் கேட்டு, "கூட யாரு? ஆட்டுக்காரியா?" என்றீர்கள்.

"ஆமாங்கய்யா. ஆட்டுக்காரிதான்."

மடியில் பிரம்பு இருந்தது. அடிக்கப் பிள்ளையில்லாத பிரம்பு. அதைத் தடவிக்கொண்டே சொல்லத் தொடங்கினீர்கள். "சிரஞ்சீவி கணேசனுக்கு. நலம். நலமறிய ஆவல். இவ்விடம் நல்ல மழை. உன் குடும்பத்தாரின் சுகத்துக்கு ஈஸ்வரனைப் பிரார்த்திக்கிறேன்."

அங்கே நின்றுவிட்டது. பாக்கியம் பேனாவோடு காத்திருந்தாள். வெளியே பஸ் சத்தம் கேட்டது. நீங்கள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, அது போய்விட்டது தெரிந்ததும் உட்கார்ந்தீர்கள்.

"வேற ஏதும் எழுதணுமாங்கய்யா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வேற என்ன? அதான் முறை. சொன்னதை மட்டும் எழுது. இப்படிக்குன்னு போட்டுக் கொடு, நான் கைநாட்டு மாதிரி ஏதாச்சும் கிறுக்குறேன்."

ஐயா, எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! வாழ்நாள் முழுக்க ஊரான் எழுதின பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவருக்குத் தன் மகனிடம் வா என்று சொல்ல ஒரு வரி இல்லை. நீங்கள் பிள்ளைகள் வாயில் அடைத்த துணி திரும்பி வந்து உங்கள் வாயை அடைத்தது. இதைக் காணத்தானே நான் ஈரச் சேலையோடு நின்றேன்.

வெளியே வந்ததும் பாக்கியம் உங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடுதாசியை மடிக்கவில்லை. பேனாவைத் திரும்பத் திறந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"வேணாண்டி" என்றேன். "அவரே சொல்லிட்டாருல்ல. சொன்னதை மட்டும் எழுது. அவரு வார்த்தை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா, என் சிலேட்டை அவரு அழிச்சாரு. இப்ப நீயும் அழிக்கச் சொல்றியா?"

அவள் குனிந்து உங்கள் கிறுக்கலுக்குக் கீழே எழுதினாள். "அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. பஸ் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறார்." மடித்து, ஒட்டி, தானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தாள். நான் அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

கணேசன் மனைவி பிள்ளையோடு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு நீங்கள் போகும்வரை மாதம் தவறாமல் வந்தார். பேரப்பிள்ளை உங்கள் பிரம்பைக் குதிரையாக்கி ஓட்டியதை நானே பார்த்தேன். ஆனால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த என்னைக் குரலை வைத்து அடையாளம் கண்டு, "பாத்தியா ஆட்டுக்காரி! முறையா எழுதின கடுதாசிக்கு இருக்கிற மதிப்பைப் பாத்தியா! நாலே வரி. கூட ஒரு எழுத்து இல்லை. வந்துட்டான் பாரு" என்றீர்கள்.

குடத்தைக் கீழே வைத்தேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பாக்கியம் முன்னமே என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கியிருந்தாள். அவர் இருக்கும்வரை சொல்லக் கூடாது என்று. மகனும் அப்படியே வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாமிக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறவள் இல்லை நான்.

இப்போது நீங்கள் இல்லை. சத்தியம் முடிந்தது. ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகன் உங்கள் நாலு வரிக்கு வரவில்லை. யாரும் சொல்லாமல் என் மகள் எழுதிய வரிக்கு வந்தார். எதற்காக அவளைக் கல்லில் முட்டி போட வைத்தீர்களோ, அதே காரியத்தை அவள் திரும்பச் செய்ததால்தான் உங்கள் கடைசிக் காலத்தில் வீட்டில் மனிதக் குரல் கேட்டது. நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அங்கே இதை வைத்துக்கொண்டு இருங்கள்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் பிரம்பு வீட்டுக்கு வந்த அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த பாக்கியம் அதைப் பார்த்துவிட்டாள். "நாளைக்குச் சோறு இதுலதான் வேகப் போகுது" என்றேன். அவள் அதைக் கையில் எடுத்து முகர்ந்தாள்.

"அம்மா, அந்த ரெண்டாவது வரி என்னான்னு கேட்டுக்கிட்டே இருப்பியே."

எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவையும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த எண்ணெய் வாசத்தில் சொன்னாள்.

"எங்க ஆடு செத்துப்போச்சு. வாத்தியாரய்யா, அதோட குட்டி உங்க வீட்டுலதான் இருக்கு, நல்லாப் பாத்துக்கங்க."

உங்களுக்குத்தான் எழுதியிருந்தாள், ஐயா. மயிலை மறந்ததும் விளையாட்டுக்கு இல்லை. அது உங்கள் பேர் போட்ட கடுதாசி. ஒரு பிள்ளை தன் கையால் உங்களுக்கு எழுதிய கடுதாசி, அதை எச்சில் கையால் தேய்த்தீர்கள். அடுத்த பொங்கலுக்குள் அந்தக் குட்டியை நோர்வூட் இறைச்சிக் கடைக்கு விற்றீர்கள். கடைக்காரர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனபோது பாக்கியம் பீலிக்கரையில் நின்று பார்த்தாளாம். என்னிடம்கூடச் சொல்லாமல் அதையும் விழுங்கியிருக்கிறாள்.

பிரம்பை எரிக்கக் கூடாது என்கிறாள். வகுப்பில் பிள்ளைகள் எழுதுகிற தாள்களைத் தொங்கவிடக் கட்டியிருக்கும் கயிறு தொய்ந்துபோகிறதாம், ஒரு நல்ல கம்பு வேண்டுமாம். நாளைக் காலையில் கொண்டுபோகிறாள். இரண்டு முனையிலும் கயிறு கட்டி, ஜன்னல் பக்கம், நீங்கள் வெயிலில் வைத்த அதே இடத்தில் மாட்டுவாள். அட்டை கடித்தது, தம்பி பிறந்தது, கூரை ஒழுகியது, எல்லாம் அதில் தொங்கும். வெள்ளிக்கிழமை அதற்கு யாரும் எண்ணெய் வைக்கப்போவதில்லை. நான் சரி என்றேன். எரிந்து சாம்பலானால் உங்களுக்கு ஒரு நாள் வேதனை. இதுவானால் தினமும்.

மன்னித்தாயா என்று பூசாரி கேட்கிறார். இல்லை. கற்பூரம் கொளுத்தும்போது உங்கள் பேரைச் சொல்லுகிறேன், அவ்வளவுதான். எதற்காகச் சொல்லுகிறேன் என்று ஆத்தாவுக்குத் தெரியும்.

அந்த இரண்டாவது வரி இப்போது எனக்கு மனப்பாடம். அடுப்பு ஊதும்போதும் அரிசி களையும்போதும் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இனி அதை அழிக்க உங்களுக்குக் கை இல்லை.

இப்படிக்கு,
ஆட்டுக்காரி